மூன்றாம் எண் சாலையில் தடுப்புக் கம்பம்

பதினொரு மணிக்குக் கம்பத்தை இறக்கிவிட்டான் காவல்காரன்.
நூற்றிமுப்பது கிலோமீட்டர் வேகம், லாரியையே புரட்டிவிடும் என்றான்.
இந்தப் பக்கம் பதினேழு லாரி.
அந்தப் பக்கம் எத்தனையோ,
புழுதிக்குத்தான் வெளிச்சம்.

பதகோனியாவில் காற்றுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை.
வீட்டு ஆளைப் பெயர் சொல்லியா கூப்பிடுவார்கள்.

கடையில் இருந்த ரொட்டி ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது.
சீட்டு ஆடினார்கள், பொண்டாட்டியை அழைத்துப் பேசினார்கள்,
அடங்கிவிட்டார்கள் மற்ற பதினாறு பேரும்.
எவரிஸ்தோ மட்டும்
கம்பத்துக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தான்.

இருபத்தாறு டன் உறைந்த மீன்.
செவ்வாய் விடியலில் புவெனஸ் அயர்ஸில் இறக்க வேண்டும்.
காவல்காரனிடம் கெஞ்சினான், பிறகு திட்டினான்,
பிறகு என்னிடம் வந்து
காற்றுக்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல் முறைத்தான்.

அவன் இடது இமை துடிக்கிறது.
மூன்று பயணமாய்ப் பார்க்கிறேன், துடித்துக்கொண்டேதான் இருக்கிறது.
காப்பியை நின்றபடியே குடிப்பான்.
சர்க்கரை சரியா என்றால் சரி என்பான்,
போட்டே இருக்க மாட்டேன்.
"தூங்குவதெல்லாம் செத்த பிறகு, ஒதிலியா."
சொல்லிவிட்டுச் சிரிப்பான்.
அப்படிச் சொன்னவர்களுக்குத்தான்
சாலையோரம் சிவப்புத் துணி கட்டிய மாடங்கள்;
இங்கிருந்து கடற்கரை வளைவு வரை ஒன்பது.
எண்ணியிருக்கிறேன்.
ஒன்றில் என் மைத்துனன்.

அதை அவனிடம் சொல்லவில்லை.
"மீன் உறைந்துதானே இருக்கிறது,
நீ எதற்கு உருகுகிறாய்" என்றேன்.

மாலை நாலு மணிக்கு
லாரிக்குள் ஏறிக் கதவை அறைந்தான்.
கோபம் என்றுதான் நினைத்தோம்.

எட்டு மணிக்குச் சூப்பு கொடுத்தனுப்பினேன், திரும்பி வந்தது.
நள்ளிரவில் யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். பதிலில்லை.
காற்று லாரியைத் தொட்டில்போல் ஆட்டியது
என்று எழுத ஆசைதான்;
உண்மையில், தகரத்தைப் பிய்க்கிற ஆட்டம்,
அதற்குள் அப்படி ஒரு தூக்கம்.

காலை ஆறு. பதினாலு மணி நேரம்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
நாற்பத்தொன்பது வயது, ரத்தக் கொதிப்பு,
மாத்திரையை மறந்து வீட்டில் வைக்கிற ஜாதி.
இரும்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்க்
கதவை உடைப்பதுபோல் தட்டினேன்.

திறந்தான்.
கன்னத்தில் இருக்கைத் துணியின் வரிகள்,
வயலில் ஏர் ஓட்டியதுபோல்.
வாயோரம் எச்சில் காய்ந்த தடம்.
"என்ன கிழமை?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
"பசிக்கிறது" என்றான்.
அவன் வாயில் அந்தச் சொல்லை
நான் கேட்டதே இல்லை.

மேசையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான்!
காப்பியை ஒரு மிடறு குடித்தவன் முகம் சுளித்தான்.
"இவ்வளவு கசப்பாகவா போடுவாய்?"
"ஆறு வருஷமாக."
பக்கத்து மேசைக்காரன் மத்தே குவளையைக் கீழே வைத்துவிட்டுச்
சிரித்த சிரிப்பில் நாய் எழுந்துகொண்டது.

இமையைப் பார்த்தேன்.
நின்றிருந்தது என்று சொல்ல மாட்டேன்.
எப்போதாவது ஒருமுறை, யோசித்து யோசித்து.

மீன் கம்பெனிக்காரன் நாலு தடவை அழைத்திருக்கிறான்.
ஐந்தாவது அழைப்பை எடுத்து
"சாலை மூடியிருந்தது, நானும் மூடியிருந்தேன்" என்றான் எவரிஸ்தோ.
அபராதம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
இருக்கும்.

மதியம் கம்பம் ஏறியது.
பதினேழு லாரியும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போயின,
கடைசியாக அவன், ஒலிப்பான் அடிக்காமல்.

எச்சில் தட்டுகள் நாற்பதுக்கு மேல்.
அடுப்பில் பால் கறுத்துக் கிடந்தது.
முப்பது மணி நேரமாய்
செருப்பைக் கழற்றவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது;
கால் சொன்னது.

கதவில் தொங்கும் பலகையைத் திருப்பினேன்.
அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே
மறந்துபோயிருந்தது எனக்கு.

நாய் ஏற்கெனவே
மூட்டைமேல் இடம் பிடித்திருந்தது.
நகரச் சொன்னேன்.
நகரவில்லை.
அதன் முதுகை ஒட்டியே